வெறுந்தரை

சுவர் எழும்பிய அன்று பெரியவர் கொத்தனாருக்கு இட்ட ஒரே கட்டளை, "கோணாம கட்டு" என்பதுதான். உடன்பிறப்பு கோணிக்கொண்டதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. செங்கல் கோணினால் ஒரு சாண் தரை தம்பி பக்கம் போய்விடும், அதுதான் கவலை. நூல் பிடித்துப் பிடித்துக் கட்டினார்கள். அந்த நூலும் என் கடை நூல்தான்.

நான் பக்கத்துத் தெருவில் சாக்கும் கயிறும் விற்கிறவன். மூட்டை கட்டுகிறவனும் என்னிடம் வரவேண்டும், குடும்பத்தைப் பிரிக்கிறவனும் என்னிடம் வரவேண்டும். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இன்னொரு கரண்டி சோற்றுக்கும் அப்பாவிடம் பேரம் பேசியாக வேண்டும். அப்படி வளர்ந்தவனுக்கே அந்தப் பாகப்பிரிவினை கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது.

கிடங்கு, தெருமுனையில் நீட்டிப் படுத்த மாதிரி ஒரு கட்டடம். தலைமாடு பெரிய தெரு. அங்கேதான் இரும்பு ஷட்டர், லாரி பின்வாங்கி நிற்கச் சரிவு எல்லாம். கால்மாடு ஒரு சந்து. அதில் ஒற்றைக் கதவு. விலாப்பக்கம் என் தெரு. அங்கே கம்பி போட்ட பெரிய சன்னல் ஒன்று என் கடையைப் பார்த்தபடி இருக்கும். மேலே வீடு. அண்ணன் குடும்பம் ஒருபுறம், தம்பி குடும்பம் ஒருபுறம், நடுவே இருவருக்கும் பொதுவாகப் படிக்கட்டு. பிஸ்கட், சோப்பு, தேயிலை, சலவைத்தூள், பால்மாவு என்று கம்பெனிகளிலிருந்து வருகிற சரக்கு இங்கே இறங்கி, தங்கி, ஊர்க் கடைகளுக்குப் போகும்.

சுவர் குறுக்கே வந்தது. பெரியவர் தலைமாட்டை எடுத்துக்கொண்டார். கால்மாடும் சன்னலும் தம்பிக்கு.

"மூத்தவனுக்கு முன்பக்கம், இளையவனுக்குப் பின்பக்கம். நாம பொறந்த வரிசையே அதுதானடா" என்றார்.

சின்னவர் தலையாட்டினார். அண்ணன் என்ன சொன்னாலும் ஆடிப் பழகிய தலை அது. அவர் மனைவிதான் கேட்டாள்.

"சந்துக்குள்ள லாரி எப்படி மாமா வரும்?"

"வராது. நீ போய்க் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது மறுக்க முடியாத நல்ல அடி. அந்தம்மா சிரிக்கவில்லை. சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு காய எத்தனை நாள் ஆகும்?" என்று கொத்தனாரைக் கேட்டாள்.

தெருவில் அவளை மோப்பக்காரி என்போம். முதுகுக்குப் பின்னால்தான். கிடங்குக்குள் நுழைந்ததும் மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுப்பாள். "தேயிலைக்குப் பக்கத்துல யாரு சோப்பை வச்சது?" என்பாள். எங்கோ ஒரு மூலையில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். சோப்பு மணத்தில் தேநீர் குடிக்க எந்த ஊரிலும் ஆள் இல்லை என்பது அவள் கட்சி.

சண்டையும் அதிலிருந்து தொடங்கியதுதான். பெரியவருக்குக் கிடங்கு என்றால் நிறைந்திருக்க வேண்டும். தரை தெரிந்தால் அவருக்கு வயிறு எரியும். எந்தக் கம்பெனி தள்ளுபடி என்று சொன்னாலும் வாங்கி, கிடைத்த இண்டு இடுக்கெல்லாம் திணித்துவிடுவார். ஒரு கடைக்காரர் ஒரு பெட்டி பால்மாவு கேட்டால், அதை எடுக்க ஒரு பாரம் சலவைத்தூளை இறக்கி, எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். கூலியாட்கள் அதற்கு 'வீடு மாத்துறது' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னைக்கு எத்தனை வீடு மாத்துனீங்க?" என்றுதான் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பார்கள். புதுச் சரக்கை முன்னால் வைத்து முன்னாலிருந்தே எடுத்துக் கொடுத்தால், பழையது பின்னால் கிடந்து புழுத்துப் போகும். ஒருநாள் அந்தம்மா நடுவில் ஆள் போக ஒரு வழி விட்டு அடுக்கச் சொன்னாள். பெரியவர் வந்து பார்த்தார்.

"இது என்ன, ஊர்வலம் போற பாதையா?"

"நடக்க இடம் வேணாமா மாமா?"

"நடக்குறதுக்குத் தெரு இருக்கு. இந்தத் தரைக்கு விலை எங்கப்பன் குடுத்தான், உங்கப்பன் இல்ல."

அப்பன் பெயர் வந்துவிட்டால் எந்தக் குடும்பத்திலும் அடுத்தது செங்கல்தான்.

இதில் பிஸ்கட் கம்பெனிக்காரருக்குத்தான் சங்கடம். அந்தக் கிடங்கின் முக்கால் உயிர் அவருடைய சரக்கு. புதுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் நின்றபடியே சொன்னார்.

"ரெண்டு மொதலாளியோட மாரடிக்க எனக்குத் தெம்பு இல்ல. மழை சீசனுக்கு ஆளுக்குப் பாதிச் சரக்கு அனுப்புறேன். ஆளுக்குப் பாதிக் கடை. யாரு ஒழுங்கா அனுப்புறீங்களோ, வருஷம் பூரா அவங்களுக்குத்தான். நானே ஒருநாள் காலையில சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பேன்."

அவர் போனதும் பெரியவர் தம்பியின் தோளில் கைபோட்டார். பாசம்தான், அதில் கலப்படம் இல்லை.

"உன்னால முடியாதுடா தம்பி. முடியாம போனா இடத்தை எனக்கே விட்டுடு. என்கிட்ட உனக்கு ஒரு நாற்காலி எப்பவும் உண்டு. ஒண்ணே ஒண்ணு, உன் பொண்டாட்டி அப்புறம் கிடங்குக்குள்ள கால் வைக்கக்கூடாது. மாடியில இருக்கட்டும், மகராசியா."

மேலே போனதும் சின்னவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார் என்று பிறகு அவரே சொன்னார்.

"அண்ணன் சொல்றதும் ஒரு வகையில..."

"ஒரு வகையில?"

"இல்ல, ஒண்ணுமில்ல."

"மாடியில உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? உங்க சட்டையையா அடுக்கிக்கிட்டு இருப்பேன்?"

"அடுக்கினா நல்லாத்தான் இருக்கும்" என்றாராம் அவர், பயந்துகொண்டே. அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாளாம்.

மறுநாள் காலை என் கடைக்கு எதிரே சம்மட்டிச் சத்தம். சன்னல் கம்பிகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து ஒரு தடித்த பலகையைத் தெருப்பக்கம் சாய்த்துப் போட்டதும் எனக்கு விஷயம் விளங்கியது. லாரி சந்துமுனையில் நிற்கும். சரக்கு தள்ளுவண்டியில் சந்துக் கதவு வழியாக உள்ளே வரும். கடைக்காரர்களின் மூன்றுசக்கர வண்டிகள் என் தெருவில் நிற்கும். சரக்கு பலகை வழியாகச் சறுக்கி வண்டியில் இறங்கும். ஒரு பக்கம் நுழைந்தது மறுபக்கம் வெளியேறும். முதலில் வந்தது முதலில் போகும். பிள்ளைப் பிராயத்திலிருந்து வியாபாரத்தில் கிடக்கிறேன், ஒரு சன்னலை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு அது காற்று வருகிற இடம், அவ்வளவுதான்.

"வியாபாரத்துல எனக்குப் போட்டியா திறக்குறியாம்மா?" என்றேன்.

"உங்க வியாபாரத்துக்குத்தான் அண்ணே வந்திருக்கேன். கலர் கயிறு என்னென்ன வச்சிருக்கீங்க?"

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று எடுத்துப் போட்டேன். விலையைச் சொன்னேன். பாதி சொன்னாள். பேரத்தில் என்னை அடித்தவர்கள் குறைவு. அன்று நான் அடிபட்டுக்கொண்டே, அவள் கயிற்றை முறுக்கிப் பார்க்கிற விதத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். அதுவே பாதி நஷ்டம்.

மாதத்துக்கு ஒரு நிறம். இந்த மாதம் வந்த சரக்கெல்லாம் சிவப்புக் கயிறு கட்டிக்கொள்ளும், அடுத்த மாதம் வருவது மஞ்சள். சிவப்பு முடியாமல் மஞ்சளை அவிழ்க்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். படித்தவன், படிக்காதவன், பாதித் தூக்கத்தில் வந்தவன் எல்லோருக்கும் சிவப்பு சிவப்புதான்.

கூலியாட்களின் தலைவரான மேஸ்திரிக்கு முதலில் இது எதுவும் பிடிக்கவில்லை. ஆறடி ஆள், குரலும் ஆறடி. வாய்க்குள் எப்போதும் ஒரு முனகல் இருக்கும்.

"அக்கா, பால்மாவை எங்க வைக்கட்டும்?"

"கடைக்காரங்க எப்பெப்பக் கேக்குறாங்க அதை?"

"எப்பவாவது."

"அப்ப உள்ள தள்ளி, மேல வைங்க. பிஸ்கட்டும் தேயிலையும் தினம் கேக்குறது. அது சன்னலுக்குப் பக்கத்துல, இடுப்பு உயரத்துல இருக்கணும்."

"யாரு இடுப்பு?"

"உங்க இடுப்பு அண்ணே. தூக்கப் போறது நீங்கதானே?"

மேஸ்திரி தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அதை அளவாக எடுத்துக்கொண்ட முதல் முதலாளி அவள்தான். அன்றைக்கு முனகல் கொஞ்சம் குறைந்தது.

கனமானது அடியில், லேசானது மேலே. எந்தப் பெட்டியும் வெறுந்தரையில் உட்காரக் கூடாது, கட்டைப்பலகை மேல்தான். சுவரை ஒட்டவும் கூடாது, கை நுழைகிற இடைவெளி வேண்டும். சோப்பும் சலவைத்தூளும் ஒரு கோடி, தின்கிற சாமான் மறுகோடி. தூணில் ஒவ்வொரு அடுக்குக்கும் நேராக ஒரு கருப்புக் கோடு போட்டாள். அடுக்கு கரைந்து அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும், மிச்சம் அடுத்த லாரி வரும்வரை தாங்கும். மேஸ்திரி அதற்குப் பசிக்கோடு என்று பெயர் வைத்தார். "அக்கா, தேயிலை பசிக்கோட்டைத் தொட்டிருச்சு!" என்று அவர் கத்தினால் என் கடையில் இருக்கிறவர்களுக்கும் தேநீர் ஞாபகம் வந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுவது பெரியவர் பழக்கம். எண்ணி முடிப்பதற்குள் ஆட்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், முதலாளிக்குச் சந்தேகம் பிடித்துவிடும். இவள் தினம் காலையில் ஒரே ஒரு வரிசையை எண்ணுவாள். இன்றைக்கு இது, நாளைக்கு அடுத்தது. எண்ணி முடித்தபின்தான் எல்லோருக்கும் தேநீரும் ரொட்டியும் வரும். குறைந்தால் போன சுற்றுக்குப் பிறகு குறைந்தது, யாருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் குறைவதே நின்றுபோனது.

இத்தனைக்கும் நடுவே, சந்துக் கதவிலிருந்து ஒரு அகன்ற வழி நேராக வந்து, புதுச் சுவரை ஒட்டித் திரும்பி, சன்னலுக்குப் போனது. அதில் ஒரு துரும்பு கிடக்கக்கூடாது. இரண்டு தள்ளுவண்டி எதிரெதிரே வந்தால் உரசாமல் போகலாம். வண்டிக்காரன் முன்னால் யாராவது நின்றுவிட்டால் "வழி!" என்று ஒரே கூவல். கேட்டவர் யாராயிருந்தாலும் விலகியாக வேண்டும். சின்னவர்கூட ஒருநாள் கடைக்காரரோடு பேசியபடி வழியில் நின்று "வழி!" வாங்கிக்கொண்டு துள்ளி விலகியதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒருநாள் பெரியவர் என் கடையில் வந்து உட்கார்ந்து சன்னல் வழியாக வேவு பார்த்தார். பொறுக்கவில்லை. தெருவைத் தாண்டிப் போய் உள்ளே தலையை நீட்டினார்.

"என்னம்மா, தரையெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கு? உள்ள நாட்டியம் ஏதும் நடக்குதா?"

"ஆமா மாமா. தள்ளுவண்டிதான் ஆடுது. டிக்கெட் இல்ல, நின்னு பாருங்க."

"இவ்வளவு வெறுந்தரைக்கு யாரும்மா வாடகை தருவா?"

"மேல நடக்குற காலுதான் மாமா தருது."

"காலு தருதாம்! என் பக்கம் வந்து பாரு. ஒரு எலி நுழைய இடம் இருக்கா?"

"எலி எப்படியும் நுழைஞ்சிடும் மாமா. நீங்க நுழைவீங்களான்னுதான் எனக்குக் கவலை."

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தேன். வாங்குகிறவர் இருவரும் வாடிக்கைக்காரர்கள் என்றால், சிரிப்பைச் சாக்குக்கு அடியில் போட்டுவைக்க வேண்டும்.

மழை தொடங்கியது. வந்தால் விடாத மழை. தெரு ஓடையானது, ஓடை தெருவில் சரக்கு வாங்க வந்த மாதிரி கடை வாசல்வரை வந்து நின்றது. சீசன் சரக்கு பாதி பாதியாக இரண்டு பக்கமும் இறங்கியது. பெரியவர் பக்கம் ஏற்கெனவே நிறைமாதம். மழையில் விலை ஏறும் என்று அவர் வேறு சலவைத்தூளை வாங்கிக் கூரை தொட அடுக்கியிருந்தார். ஷட்டரைத் தூக்க முடியாதபடி அதை ஒட்டி உட்புறம் வரை பெட்டிகள். ஷட்டரில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு உண்டு, உள்பக்கம் திறப்பது. அதன் வழியாகத்தான் ஆட்கள் பக்கவாட்டில் நடந்து, வயிற்றை எக்கி, போய்வந்துகொண்டிருந்தார்கள். பெட்டிகள் எல்லாம் தரைமேல். கட்டைப்பலகை போட்டால் ஒரு அடுக்கு குறையுமாம்.

அன்று காலை மழை கொஞ்சம் வெறி பிடித்தாற்போல் பெய்தது. பெரியவரின் கடைவண்டிகள் முன்னால் வரிசையாக நின்றன. அவருக்கு வந்த கடைசி லாரியும் சரிவுக்கு எதிரே நின்றது, தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்து. யாரோ தேயிலை கேட்டிருக்கிறார்கள். தேயிலை கடைசிக் கோடியில், சுவருக்கு அருகில். ஆட்களுக்கு அவர் சொன்ன அடையாளம் புரியவில்லை. "தள்ளுங்கடா" என்று தாமே சின்னக் கதவு வழியாக உள்ளே போனார்.

சரிவு வழியாக இறங்கிய தண்ணீர் அடிப்பெட்டிகளை ஏற்கெனவே ஊறவைத்திருந்தது. அட்டை ஊறினால் அப்பளம். அவர் கோடிக்குப் போய்ச் சேர்ந்த நேரம், அவருக்குப் பின்னால் ஷட்டர் பக்கத்து அடுக்கு மொத்தமும் உட்கார்ந்து, சரிந்து, ஷட்டர்மேல் சாய்ந்தது. என் கடையில் கல்லாப்பெட்டி அதிர்ந்தது. ஷட்டர் வெளிப்பக்கம் தொப்பை போட்டதுபோல் வீங்கிவிட்டது. சின்னக் கதவு உள்பக்கம் திறப்பது, இனித் திறக்காது.

"மொதலாளி உள்ள!" என்று ஒருவன் மழையில் ஓடிவந்தான். நானும் இரண்டு சாக்கை வாரிக்கொண்டு தெருவைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

இந்தப் பக்கம் சன்னலில் வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. சின்னவர் பலகையைப் பிடித்திருந்த கையை விட்டார். "அண்ணே!" என்று ஒரு கத்து. எங்கே ஓடுவது என்று தெரியாமல் அந்த இடத்திலேயே ஓடினார்.

அந்தம்மா ஏற்கெனவே சுவர்மேல் காதை வைத்திருந்தாள். புதுச் சுவரின் ஓரம் முழுக்க வெறுந்தரை, யாரும் எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

"மாமா! கேக்குதா? எங்க நிக்குறீங்க, தட்டுங்க!"

டொக், டொக் என்று ஒரு சத்தம். பிறகு சன்னமாகக் குரல். "இங்கதாம்மா... மூச்சு முட்டுது. பக்கத்துல இருக்குறது சாயுற மாதிரி இருக்கு."

"கையால தொட்டுச் சொல்லுங்க. பெட்டியா, மூட்டையா?"

"ரெண்டும் இருக்கும்மா. வலப்பக்கம் பெட்டி. இடப்பக்கம் மூட்டை."

"பெட்டி நனைஞ்சிருக்கா?"

"சொதசொதன்னு இருக்கு."

தீயணைப்புக்குப் போன் போட்டாயிற்று. முட்டளவு தண்ணீரில் அவர்கள் வரும்போது வரட்டும் என்று இருக்க முடியாது. மேஸ்திரி கடப்பாரையோடு வந்து நின்றார்.

"அக்கா, கண்ட இடத்துல அடிச்சா சுவர்மேல சாஞ்சிருக்குற அடுக்கு அவரு தலையிலதான் விழும்."

"தெரியும். மூட்டைப் பக்கம் கனம், அது அங்கேயே கிடக்கும். பெட்டிப் பக்கம் தொடக்கூடாது. மூட்டைப் பக்கமா, கீழ, ஒவ்வொரு கல்லா எடுங்க. அடிக்காதீங்க, பேத்து எடுங்க. நல்ல வேளை, இந்த மழை ஈரத்துல சுண்ணாம்பு இன்னும் காயல." பிறகு சுவரிடம், "மாமா, தலையில எதையாவது கவுத்துக்கிட்டுக் குந்துங்க. மூட்டை ஓரமா ஒட்டிக்குங்க."

"அண்ணன் சாகக் கிடக்குறாரு, நான் என்ன செய்ய?" என்றார் சின்னவர், ஏறக்குறைய அழுதுகொண்டு.

"நீங்க சன்னலை விட்டு நகராதீங்க. வண்டி நின்னா வழி அடைக்கும், வழி அடைச்சா அவரை எப்படி வெளிய கொண்டுவருவோம்?"

மேஸ்திரியும் இன்னொருவரும் சுவரில். மற்றவர்கள் சரக்கில். ஒரு கல் வந்தது. இரண்டு வந்தது. பெயர்த்த கல்லை வழியில் போடாமல் ஓரத்தில் அடுக்கினார்கள், அந்த அவசரத்திலும். யாரும் சொல்லவில்லை, பழகிய கை. ஒரு ஆள் தவழ்ந்து வரத் துளை ஆனதும் முதலில் வந்தது சலவைத்தூள் நெடி. அப்புறம் ஒரு கை. அப்புறம் தலையில் பிஸ்கட் பெட்டி கவிழ்த்தபடி பெரியவர். இழுத்துப் போட்ட மறுநிமிடம் அவர் குந்தியிருந்த இடத்தில் வலப்பக்கத்து அடுக்கு தொப்பென்று வந்து உட்கார்ந்தது. துளையை அடைத்துக்கொண்டு ஒரு நசுங்கிய பெட்டி எங்களை எட்டிப் பார்த்தது.

பெரியவர் முழுக்க வெள்ளையாக இருந்தார், மாவில் புரட்டிய மாதிரி. ஒரு தும்மல் போட்டார். சின்னவர் சன்னலை விட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். அண்ணன் தம்பி இருவரும் வெள்ளையானார்கள்.

நான் ஒரு சாக்கை உதறிப் போர்த்திவிட்டேன். இலவசமாக. எங்கள் குடும்பத்தில் இது பதிவு செய்யவேண்டிய செய்தி.

மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லாரி?"

லாரி மழையில் நின்றது. கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வரிசை பிஸ்கட் நனைய ஆரம்பித்திருந்தது. அவரை நம்பி வந்த வண்டிகள் முன்னால் நின்று ஹாரன் அடித்தன.

இந்த இடத்தில் நான் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வியாபாரி புத்தி, பார்க்காமல் இருக்க முடியாது. கம்பெனிக்காரர் இன்றைக்கு வரலாம், நாளைக்கு வரலாம். வந்தால் வீங்கிய ஷட்டரையும் நனைகிற லாரியையும் பார்ப்பார். பேசாமல் தன் சரக்கை அனுப்பிக்கொண்டிருந்தாலே போதும், ஒப்பந்தம் அவள் மடியில். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

"மேஸ்திரி அண்ணே, லாரியைச் சந்துமுனைக்கு வரச் சொல்லுங்க. மாமாவோட வண்டியெல்லாம் சன்னலுக்கு வரட்டும்."

"எங்க அக்கா இறக்குறது? நம்ம அடுக்குல இடம் ஏது?"

"அடுக்குல யாரு இறக்கச் சொன்னா? இறக்கவே வேண்டாம். லாரியிலருந்து எடுத்து, இந்த வழியாவே ஓட்டி, அப்படியே வண்டியில ஏத்துங்க. காய்ஞ்சது போகட்டும். நனைஞ்சதை மட்டும் அந்த ஓரத்துல விரிச்சு வைங்க."

"ரெண்டு பேரு சரக்கும் கலந்துருமே!" என்றார் சின்னவர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இதுவரைக்கும் நான் வாங்காத கலர் என்ன இருக்கு?"

"வெள்ளை."

"அதைக் குடுங்க. மாமா சரக்குக்கு வெள்ளை."

மழையில் தெருவைத் தாண்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தேன். விலை சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் டிக்கெட் போட்டிருக்க வேண்டும். நிரம்பிய தள்ளுவண்டி ஒரு ஓரமாக உள்ளே வரும், காலி வண்டி மறு ஓரமாகத் திரும்பும். "வழி!" "வழி!" என்று கூவல். சுவரோரம் திரும்பும்போது சக்கரம் ஒரு கீச்சு கீச்சிடும். வெள்ளைக் கயிறு ஒரு வண்டிக்கு, பச்சைக் கயிறு ஒரு வண்டிக்கு. நனைந்த மேஸ்திரியின் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. பலகையில் பெட்டி சறுக்குகிற சத்தம் ஒரே தாளத்தில் கேட்டது. பெரியவரின் ஆட்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். முதல் சுற்றில் இடித்துக்கொண்டார்கள், இரண்டாம் சுற்றில் திட்டு வாங்கினார்கள், மூன்றாம் சுற்றில் யார் எந்த ஆள் என்றே எனக்குத் தெரியவில்லை. யாரும் ஓடவில்லை. ஓடத் தேவையில்லாமல் இருந்தது, அதுதான் ஆச்சரியம். மாடியிலிருந்து பெரியவர் மனைவி சுடச்சுடத் தேநீர்ப் பாத்திரத்தோடு இறங்கி வந்தார். புருஷனைப் பார்த்து, "குளிச்சிட்டீங்களா, சோப்பு மட்டும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குடையும் மடித்துவிட்ட கால்சட்டையுமாகக் கம்பெனிக்காரர் என் கடைத் தாழ்வாரத்தில் நின்றதை நான் கவனிக்கவே இல்லை. கொக்கு மாதிரி ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கித் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்குறீங்க சார்?"

"சுவரை உடைச்சதிலருந்து" என்றார்.

கடைசி வண்டி போனபின் உள்ளே வந்தார். துளையைப் பார்த்தார், ஓரத்தில் விரித்திருந்த நனைந்த பெட்டிகளைப் பார்த்தார், மற்றபடி காலியாகத் துடைத்தாற்போல் கிடந்த வழியைப் பார்த்தார்.

"வெள்ளைக் கயிறு யாருது?"

"மாமாவோடது" என்றாள் அந்தம்மா. "அவரோட எல்லாக் கடைக்கும் போயிருச்சு. எங்களோடதும் போயிருச்சு."

"எனக்கு இனிமே யோசிக்க ஒண்ணும் இல்லம்மா. முழுசும் உங்ககிட்டயே குடுத்துடுறேன்."

பெரியவர் சாக்குக்குள் இன்னும் சின்னதாகிப்போனார். சின்னவர் தரையைப் பார்த்தார். அந்தம்மா தேநீரை ஒரு மடக்குக் குடித்தாள்.

"முழுசும் எடுத்துக்கிட்டு நான் எங்க சார் வைக்க? லாரி சந்துமுனையில நின்னா ஊரே திட்டுது. ஷட்டர் அவங்க பக்கம் இருக்கு. எழுதுறதா இருந்தா ரெண்டு பேர் பேருலயும் எழுதுங்க. ஆனா ரெண்டு பக்கமும் எதை எங்க அடுக்குறதுன்னு நான்தான் சொல்வேன்." பிறகு பெரியவரிடம், "ஷட்டர் உங்களது, அடுக்கு என்னது. சம்மதமா மாமா?"

சாக்குக்குள்ளிருந்து வியாபாரி எட்டிப் பார்த்தார். "தேயிலை மட்டும் நான் சொல்ற இடத்துல..."

"தேயிலையைத் தேடித்தான மாமா உள்ள போனீங்க?"

பேரத்தில் அதற்கு மேல் ஒரு பைசா இறங்காது என்று தெரிகிற முகம் ஒன்று உண்டு. பெரியவர் அதைக் காட்டினார்.

"சரி. சுவரை இடிச்சிடச் சொல்றேன்" என்றார். நாங்கள் எல்லோரும் ஏதோ பெரிய காரியம் நடக்கிறதென்று நிமிர்ந்து நின்றோம்.

"எதுக்கு மாமா?" என்றாள் அவள். "நல்ல சுவரு, கோணாம கட்டியிருக்காங்க. ரெண்டு பக்கமும் ராக்கு அடிச்சா எவ்வளவு சரக்கு நிக்கும்! துளையை மட்டும் தள்ளுவண்டி போற அகலத்துக்கு வெட்டிட்டாப் போதும். ஷட்டர்ல ஏறினா நேரா சன்னல்ல இறங்கலாம்."

கம்பெனிக்காரர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. துளையை உற்றுப் பார்த்தார். அங்கிருந்து சன்னல்வரை கண்ணாலேயே ஒருமுறை நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகு தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று குனிந்து பார்த்தார். துளைக்கு நேர் எதிரே, சுவரோர வெறுந்தரையின் நட்டநடுவில், கடைசி வண்டி போனபின் யாரோ அவசரத்துக்குப் போட்டுக் கொடுத்த ஒரு பிஸ்கட் பெட்டி.

மெல்ல எழுந்தார். சாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்டியை இழுத்துப்போய் ஓரத்தில், கட்டைப்பலகை மேல் வைத்தார். சுவரை ஒட்டிவிட்டது. ஒரு கணம் யோசித்து, கை நுழைகிற அளவு இடைவெளி விட்டு நகர்த்தி வைத்தார்.